கடைவாய்ப் பல்லும் ஒழுங்குப் பேரவையும்

ஒரு வக்கீல் வேலையை மோசமாகச் செய்தாரா, தப்பாகச் செய்தாரா என்று பிரித்துப் பார்ப்பதற்கென்றே ஐந்து மாடியில் ஒரு கட்டடம் இருக்கிறது. மோசமாகச் செய்தால் பாதகமில்லை. தப்பாகச் செய்தால்தான் நடவடிக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு ஓடுகிறதாம். அந்தக் கோடு எங்கே என்று தேடுவதற்கு அறுபது பேர் காலையில் வந்து மாலையில் போகிறார்கள். கட்டடத்துக்குப் பெயர் வழக்கறிஞர் ஒழுங்குப் பேரவை. திறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கோட்டைத் தாண்டிய வக்கீல் ஒருவர்கூட இன்றுவரை அகப்படவில்லை. அவ்வளவு யோக்கியமான தொழில், என்ன செய்ய!

லிஃப்ட் ரிப்பேர்காரர் முதன்முதலாக அங்கே போன அன்று, அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடவில்லை. ‘பழுது’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையே பழுத்து மஞ்சளாகியிருந்தது. கை சும்மா இருக்குமா? கதவை லேசாக இழுத்துப் பார்த்தார். கதவு மூடியதா என்று பார்க்கும் கண் தூசி அடைத்துக் கிடந்தது. பத்து நிமிஷ வேலை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னார். “அதுக்குக் குழு போட்டிருக்காங்க சார், நீங்க எதையும் தொடாதீங்க” என்றாள் அவள். அவர் படியேறினார்.

அவர் வந்தது தம்பி விஷயமாக. தம்பி ஒரு மருந்துக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கம்பெனி வளாகத்திலிருந்து ஒரு வேன் காணாமல் போனது. ஓட்டிக்கொண்டு போனது அவன்தான், முதுகைப் பார்த்தேன் என்றார் கேட் வாட்ச்மேன். அதே செவ்வாய்க்கிழமை, அதே பதினோரு மணிக்கு, தம்பி நாலு தெரு தள்ளிப் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் வேரோடு வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மாவின் பதிவேட்டில் நேரம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் நேரம் இருக்கிறது. ஒருவன் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வேனையும் ஓட்ட முடியாது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தெரியாதவர் தம்பியின் வக்கீல் ஒருவர்தான். கோர்ட்டில் அவரை ‘வாய்தா’ என்றுதான் சொல்வார்கள். நீதிபதியைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வருவது எப்போதும் ஒன்றுதான்: வாய்தா வேண்டும், இன்னொரு தேதி கொடுங்கள். எட்டு மாதத்தில் பதினோரு தேதி வாங்கினார். அந்தப் பல் டாக்டரை ஒரு தடவை போய்ப் பாருங்கள் சார் என்று லிஃப்ட்காரர் ஏழு தடவை கெஞ்சினார். “பார்த்துக்கலாம்ப்பா” என்றார் வாய்தா, ஏழு தடவையும்.

சாட்சி விசாரிக்கும் நாள் வந்தது. டாக்டரம்மா கிளினிக்கைப் பூட்டிவிட்டு, பதிவேட்டையும் எக்ஸ்ரேயையும் மடியில் வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கே கோர்ட் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். வாய்தா அவரைத் தாண்டி இரண்டு தடவை டீ குடிக்கப் போனார். உள்ளே போய், “எங்க தரப்புல சாட்சி இல்லைங்க” என்றார். நீதிபதிக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். நிச்சயமாக இல்லையா என்று திரும்பக் கேட்டார். நிச்சயமாக இல்லை என்று தலையாட்டினார் வாய்தா. நாலு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. தம்பிக்கு மூன்று வருஷம். டாக்டரம்மா மத்தியானம் வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

மேல்கோர்ட்டுக்குப் போனார்கள். சாட்சியை அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும், இப்போது வந்து அழுதால் எப்படி என்று தள்ளிவிட்டார்கள். ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. ‘இது வக்கீலின் தொழில் தவறு’ என்று ஒழுங்குப் பேரவை ஒரு சான்று கொடுத்தால் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் லிஃப்ட்காரர் ஐந்து மாடி ஏறினார்.

மேலே கவுன்ட்டரில் ஓர் எழுத்தர் இருந்தார்.

“புகார் யாருது?”

“என் தம்பியோடதுங்க.”

“அவர் எங்க?”

“ஜெயில்ல இருக்கான்.”

“கட்சிக்காரர் நேர்ல வந்துதான் குடுக்கணும்.”

“ஜெயில்ல இருக்கான்னு சொன்னேனே.”

“அது புரியுது. எப்ப வருவார்?”

“ரெண்டரை வருஷம் ஆகுமுங்க.”

“அப்ப வரச் சொல்லுங்க, அவசரமில்ல,” என்ற எழுத்தர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா புகார் குடுக்கறதுக்குக் கெடு ஒரு வருஷம்தான். அதையும் பார்த்துக்குங்க” என்றார்.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். தம்பி ஓர் அதிகாரக் கடிதம் எழுதி, அதில் அவனுடைய வக்கீல் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவனுடைய வக்கீல் யார்? வாய்தா. அவர் மேல் புகார் கொடுக்க அவரே கையெழுத்துப் போட வேண்டும். இப்படி ஒரு விதியை எழுதினவனை எந்தத் தாய் பெற்றாளோ என்று திட்டிக்கொண்டே லிஃப்ட்காரர் வாய்தாவின் ஆபீசுக்குப் போனார்.

“என்ன பேப்பர்ப்பா?” என்றார் வாய்தா, போனில் எதையோ பார்த்தபடி.

லிஃப்ட்காரருக்குப் பொய் வரவில்லை. “உங்க மேல புகார் குடுக்கறதுக்கு, சார்.”

“ம். எங்க போடணும் கையெழுத்து?”

விரலால் காட்டினார். வாய்தா போட்டார். படிக்கவில்லை. அதையும் ஜெயில் அதிகாரி போட வேண்டிய இடத்தில் போட்டுவைத்தார். மறுவாரம் புதுக் கடிதத்தோடு போய் நின்றபோது, “இது என்னப்பா, போன வாரம்தானே போட்டேன்?” என்று சலித்துக்கொண்டு மறுபடி போட்டார். அதையும் படிக்கவில்லை.

முதல் அமர்வு நாலு மாதம் கழித்து நடந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவர், நரைத்த தலை, நிதானமான குரல். வலப்பக்கம் ஓர் உறுப்பினர், அவரும் வக்கீல். இடப்பக்கம் இருந்தவருக்கு முன்னால் ‘பொதுமக்கள் பிரதிநிதி’ என்று பலகை வைத்திருந்தார்கள். தலைவரின் மைத்துனர். அவரும் வக்கீல்தான். அன்றைக்குக் கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார், பொதுமக்கள் மாதிரி.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்களுக்கு வந்த கஷ்டத்தை நாங்க மறுக்கலை. ஆனா கஷ்டம் வந்துட்டதால வக்கீல் தப்புப் பண்ணிட்டார்னு ஆகாது. ஒவ்வொரு கேஸ்லயும் ஒருத்தர் தோக்கத்தானே செய்யறாங்க? தோத்தவங்க எல்லாம் இங்க வந்து நின்னா இந்தக் கட்டடம் தாங்குமா? அதனால நாலு படி வெச்சிருக்கோம். வக்கீலுக்குக் கடமை இருந்ததா? அந்தக் கடமையில தவறினாரா? அந்தத் தவறாலதான் உங்களுக்கு நஷ்டமா? அப்படி வந்த நஷ்டம் நிஜமாவே நஷ்டம்தானா? நாலும் ஏறினாத்தான் தொழில் தவறு. நடுவுல ஒரு படி சறுக்கினாலும் வெறும் மோசமான வேலை. மோசமான வேலைக்கு நாங்க வருத்தப்படுவோம், அவ்வளவுதான்.”

“மூணு வருஷம் ஜெயில் நஷ்டம் இல்லீங்களா?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

“அதை நாலாவது படியில பார்ப்போம்,” என்றார் தலைவர்.

“வேளாவேளைக்குச் சாப்பாடு போடறாங்க இல்ல?” என்றார் பொதுமக்கள் பிரதிநிதி.

முதல் படியிலேயே வாய்தா ஓர் ஆட்சேபம் எழுப்பினார். “ஐயா, சம்பவத்தன்னைக்கு இப்படி ஒரு கட்சிக்காரர் எனக்கு இருக்கார்ங்கறதே எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்துலயே இல்லாத ஆளுக்கு நான் எப்படிக் கடமைப்பட்டவன் ஆவேன்?” மூன்று பேரும் தலையைத் தலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு இருபது நிமிஷம் குசுகுசுத்தார்கள். முடிவில், அதிகாரக் கடிதத்தில் ‘இவருடைய வக்கீல்’ என்று வாய்தாவே கையெழுத்துப் போட்டிருப்பதால் கடமை இருந்ததாகத்தான் கொள்ள வேண்டும் என்றார்கள். வாய்தா அந்தக் கடிதத்தை வாங்கி, அன்றுதான் முதல் முறையாக, மேலிருந்து கீழ் வரை படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது. கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்கிறது.

லிஃப்ட்காரர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். “ஒரு படி ஏறிட்டோம்,” என்றார் மனைவியிடம்.

“அஞ்சு மாடி ஏறி ஒரு படியா?” என்றாள் மனைவி. “என்னங்க, போன வாரம் ஜெயில்ல என்ன சொன்னாங்க? கொழுந்தன் ஒழுங்கா இருக்கான், முன்கூட்டியே விடறவங்க பட்டியல்ல பேர் போயிருக்கு, இன்னும் மூணு மாசத்துல குழு கூடுதுன்னு சொன்னாங்க இல்ல? அது பாட்டுக்கு நடக்கட்டும். இந்தக் கறுப்புக் கோட்டுக்காரங்க சகவாசம் நமக்கு வேண்டாம்.”

“வெளியே வந்தாலும் திருடன்னுதானே வருவான்? பேரைக் கழுவணும். எவன் வேன் ஓட்டக் குடுப்பான் அவனுக்கு?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது அமர்வில் தவறினாரா என்ற கேள்வி. சாதாரணமாக ஒரு வக்கீல் எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனம் இவரிடம் இருந்ததா என்று பார்ப்பது முறையாம். அந்தச் ‘சாதாரணம்’ எவ்வளவு என்று சொல்ல ஒரு மூத்த வக்கீலைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாட்சி நாற்காலியில் அமர்ந்தார். தலைவர் கேட்டார்.

“கட்சிக்காரரோட ஃபைலைப் படிப்பீங்களா?”

“பார்ப்போம்.”

“பார்க்கறதுன்னா?”

“கையில வாங்கிப் பார்ப்போம். இத்தனை வருஷ அனுபவத்துல கனத்தை வெச்சே கேஸ் என்னன்னு தெரிஞ்சிடும்.”

“எப்ப பார்ப்பீங்க?”

“கேஸைக் கூப்பிட்டதுக்கு அப்புறம், எழுந்து நிக்கறதுக்கு முன்னாடி.”

“முழுசாப் படிச்சது உண்டா?”

“உண்டு. ஒரு தடவை. என் சொந்த வீட்டு வழக்கு.”

“சாட்சி வராந்தாவுல உக்காந்திருந்தா?”

“வராந்தாவுல எப்பவும் யாராவது உக்காந்துதான் இருப்பாங்க, ஐயா. ஒவ்வொருத்தரையும் நீங்க யாருன்னு கேட்டுக்கிட்டிருந்தா டீ குடிக்க நேரம் இருக்குமா?”

உறுப்பினர் மெச்சிக்கொண்டு எழுதினார். தன் வாயால் தன் பிழைப்பைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, மூத்த வக்கீல் ஏதோ பரிசு வாங்கியவர் போல மேடையை விட்டு இறங்கினார். லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

“ஐயா, என் தொழில்ல கயிறு தேஞ்சிருக்கான்னு பார்க்காம சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்னு வைங்க. மத்த மெக்கானிக் நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, நாங்களும் பார்க்கறதில்லீங்கன்னு சொல்ல வெச்சா என்னை விட்டுடுவாங்களா?”

“உங்க தொழில் வேற,” என்றார் தலைவர் பொறுமையாக. “லிஃப்ட் விழுந்தா உள்ள இருக்கறவன் செத்துப்போவான். எங்க தொழில்ல அப்படி யாரும் உடனே சாகறதில்ல.”

ஆனாலும் மேஜைக்குப் பின்னால் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. டாக்டர் வந்தது தெரியாமல் விட்டிருந்தால் அது கவனக்குறைவு. தெரிந்தே, யோசித்து விட்டிருந்தால் அது தொழில் நுட்பம். தொழில் நுட்பத்தில் பேரவை தலையிடாது. விதிப் புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆகவே, அன்று என்ன யோசித்தார் என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வர வாய்தாவுக்கு ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்காமலே அவருக்கு ஒரு தேதி கிடைத்தது.

ஆறு வாரம் கழித்து ஏழு காரணங்களோடு வந்தார். டாக்டர் நம்பத்தகாதவர் என்பது முதல் காரணம். டாக்டர் அளவுக்கு மீறி நம்பத்தக்கவர், அப்படிப்பட்ட சாட்சியைப் பார்த்தால் நீதிபதிக்கே சந்தேகம் வரும் என்பது இரண்டாவது. டாக்டர் வரவில்லை என்று எண்ணியது மூன்றாவது. டாக்டர் வந்திருப்பது தெரிந்தும், அவ்வளவு தூரம் வந்த பெண்பிள்ளையைக் கூண்டில் ஏற்றிச் சிரமப்படுத்த மனம் வராதது நாலாவது. மீதி மூன்றும் இதே லட்சணம்.

“மூணாவதும் நாலாவதும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே?” என்றார் உறுப்பினர்.

“இடிக்கட்டுமே,” என்றார் தலைவர். “வந்திருந்தா என்ன, வராட்டி என்னன்னு ரெண்டு பக்கமும் யோசிச்சிருக்கார். இவ்வளவு தூரம் யோசிக்கிற ஆளைப் பார்க்கறதே அபூர்வம்.”

இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பெரிய மனசு பண்ணி, தவறியதாகவே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு மூன்றாவது படிக்குப் போவோம் என்றார்கள். இந்த இடத்தில் தலைவரின் குரல் கனிந்தது. தொழிலின் மிக அழகான கட்டம் இதுதான் என்றார்.

“டாக்டரைக் கூப்பிட்டிருந்தா உங்க தம்பி விடுதலை ஆகியிருப்பார்னு நீங்க நிரூபிக்கணும். கூப்பிட்டிருந்தாலும் உள்ளதான் போயிருப்பார்னா, கூப்பிடாம விட்டதுல என்ன தப்பு? எல்லாருக்கும் நேரம் மிச்சம். அதனால அந்தப் பழைய கேஸையே இங்க நடத்திப் பார்க்கப் போறோம். டாக்டர் சாட்சி சொல்லட்டும். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை பண்ணட்டும்.”

“எதிர்த்தரப்புன்னா போலீஸ் வக்கீல் வருவாருங்களா?”

“அவர் எதுக்கு? உங்க தம்பி குற்றவாளின்னு நிரூபணம் ஆனா யாருக்கு லாபமோ அவர்தான் எதிர்த்தரப்பு.” தலைவர் வாய்தாவைக் கை காட்டினார்.

லிஃப்ட்காரர் வாய்தாவைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். “ஐயா, அவர் எங்க வக்கீலுங்க.”

“அதனாலதான் அவருக்குக் கேஸ் நல்லாத் தெரியும்,” என்றார் பொதுமக்கள் பிரதிநிதி.

அடுத்த அமர்வுக்கு வந்த வாய்தாவை லிஃப்ட்காரருக்கு அடையாளமே தெரியவில்லை. முடி வெட்டியிருந்தார். கோட்டு தேய்த்திருந்தது. கையில் இருந்த ஃபைலில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் பச்சையுமாகக் காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. கம்பெனி வாசலிலிருந்து கிளினிக் வாசல் வரை தானே நடந்து பார்த்திருந்தார், கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வேகமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை. கிளினிக்கைச் சுற்றிப் படம் எடுத்திருந்தார். பல் வைத்தியப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்திருந்தார். ஏழு தடவை கெஞ்சியும் எட்டிப் பார்க்காத கிளினிக்குக்கு மனிதர் நாலு தடவை போயிருக்கிறார்!

டாக்டரம்மா அதே பதிவேட்டையும் எக்ஸ்ரேயையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். வாய்தா எழுந்தார்.

“டாக்டர், பதினோரு மணின்னு எதைப் பார்த்து எழுதினீங்க?”

“சுவர்க் கடிகாரத்தை.”

“அதைக் கடைசியா எப்ப சரி பார்த்தீங்க?”

“அது… சரியாத்தான் ஓடும்.”

“தேதி கேட்டேன்.”

“ஞாபகம் இல்லை. ஆனா எக்ஸ்ரேயிலயும் நேரம் இருக்கு.”

“எக்ஸ்ரே மெஷின்ல நேரம் வெச்சது யாரு?”

“நர்ஸ்.”

“எதைப் பார்த்து வெச்சாங்க?”

டாக்டரம்மா மடியிலிருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார். “சுவர்க் கடிகாரத்தை.”

“ஆக, ஒரு கடிகாரம் சொன்னதை மெஷினும் பதிவேடும் திருப்பிச் சொல்லுது. சாட்சி மூணு இல்ல, ஒண்ணு. அதுவும் சுவத்துல தொங்குது.” உறுப்பினர் ‘ஆகா’ என்றார். “சரி, பல் பிடுங்கும்போது நோயாளியோட முகத்தைப் பார்ப்பீங்களா, பல்லைப் பார்ப்பீங்களா?”

“பல்லைத்தான்.”

“அப்ப அந்தப் பல்லை உங்களால அடையாளம் சொல்ல முடியும். எங்கே அந்தப் பல்?”

“அது… அதெல்லாம் அன்னன்னைக்கே அப்புறப்படுத்திடுவோம்.”

“இந்த வழக்கோட ஒரே தடயத்தைக் குப்பையில போட்டுட்டீங்க,” என்றார் வாய்தா, துக்கம் தாங்காதவராக.

மூன்று மணி நேரம். உட்காரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. பதினோரு தீர்ப்புகளைக் காகிதம் பார்க்காமல் சொன்னார். தம்பியின் பெயரை ஒரு தடவைகூடத் தடுமாறாமல் உச்சரித்தார். வழக்கு நடந்த எட்டு மாதமும் அவனை வேறு எவனுடைய பெயராலோ கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் இவர்! ஒரு கட்டத்தில் லிஃப்ட்காரர் தன்னையும் மறந்து, என்ன மாதிரி மனுஷன், எப்படிப் பேசுகிறான் என்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரை உள்ளே தள்ளுவதற்குப் பேசுகிறான் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. அழுகிப்போன எதையோ தெரியாமல் வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. டாக்டரம்மா கைக்குட்டையைத் தேடினார்.

“உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்றார் தலைவர்.

லிஃப்ட்காரர் எழுந்தார். என்ன கேட்பது? அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான். “டாக்டரம்மா, அன்னைக்கு உங்ககிட்ட வந்தது என் தம்பிதானே?”

“உங்க தம்பிதான்,” என்றார் டாக்டரம்மா உடனே. “சத்தியமா அவர்தான். ஊசி போடும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டார். முகம் எனக்கு மறக்காது.”

“இந்தக் கேள்வியிலயே பதில் இருக்கு. செல்லாது, அடிச்சுடுங்க,” என்றார் தலைவர். எழுத்தர் அடித்தார்.

பத்து நாளில் முடிவு வந்தது. பேரவை வரலாற்றிலேயே இவ்வளவு சீக்கிரம் வந்த முடிவு கிடையாது என்று எழுத்தர் பெருமைப்பட்டார். தலைவர் எழுந்து நின்று வாசித்தார்.

“எதிர்மனுதாரரின் வேலை மோசமானது. மிக மோசமானது என்று சொல்லவும் இப்பேரவை தயங்காது. ஆயினும் அது தொழில் தவறு ஆகாது. மூன்று மணி நேரம் எம் கண்முன்னே வெளிப்பட்ட ஆற்றலைக் கண்டபின், இவ்வளவு திறமை வாய்ந்த ஒருவர் கவனக்குறைவாக இருந்திருப்பார் என்று நம்ப இயலவில்லை. மேலும், பல் மருத்துவரின் சாட்சியம் எடுபடாது என்பதை அன்றே உணர்ந்து அவரை அழைக்காமல் விட்ட தீர்க்கதரிசனம் பாராட்டுக்குரியது. மேலும், மனுதாரரின் குற்றம் இரண்டாம் முறையாக, அதுவும் அவருடைய சொந்த வக்கீலாலேயே, ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. எனவே ஏற்பட்ட நஷ்டம் நஷ்டமே அன்று. அவருக்கு உரியது அவருக்குக் கிடைத்திருக்கிறது.”

காகிதத்தின் அடியில், நகல் யார் யாருக்குப் போகிறது என்று ஒரு பட்டியல். அதில் மூன்றாவதாக இருந்தது ஜெயில் முன்விடுதலைக் குழு. “எதுக்குங்க அவங்களுக்கு?” என்று பதறிப்போய்க் கேட்டார் லிஃப்ட்காரர். “நல்ல தீர்ப்பு, நாலு பேர் தெரிஞ்சுக்கட்டுமே,” என்றார் பொதுமக்கள் பிரதிநிதி, நாற்காலியிலிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டே.

மாடிப்படியில் வாய்தா நின்றுகொண்டிருந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கச்சேரி முடித்த பாடகர் மாதிரி முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தார். லிஃப்ட்காரரைப் பார்த்ததும் பழைய பகையெல்லாம் ஒன்றுமில்லை என்பது போலச் சிரித்தார்.

“எப்படி இருந்துச்சு, அன்னைக்கு என் குறுக்கு விசாரணை? அந்தக் கடிகாரப் பாயிண்ட் யாருக்கும் தோணாது, பார்த்தீங்களா?”

“வக்கீல் சார்,” என்றார் லிஃப்ட்காரர். “இதுல காவாசி, கோர்ட்ல அந்த வாட்ச்மேனைக் கேட்டிருந்தீங்கன்னா? முதுகைப் பார்த்தேன்னு சொன்னானே, எத்தனை அடி தூரத்துலேருந்து பார்த்தேன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தீங்கன்னா?”

வாய்தாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். கபடமில்லாமல்தான் பதில் சொன்னார், அதுதான் கொடுமை.

“அன்னைக்கு எனக்கென்னப்பா ஆபத்து இருந்துச்சு? இன்னைக்கு என் கோட்டே போயிருக்குமே.”

இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்து, “வேற ஏதாவது கேஸ்னா தயங்காம வாங்க” என்றும் சொன்னார். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது லிஃப்ட்காரருக்கு. எங்கே பார்த்தாலும் ‘துப்பாதீர்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். விழுங்கிக்கொண்டு இறங்கினார்.

முன்விடுதலைக் குழு கூடியது. குற்றம் மறுபடி உறுதியாகியிருப்பதாலும், செய்ததற்கு வருந்தாமல் வக்கீல் மேல் பழி போட்டதாலும் மனு தள்ளுபடி. மனைவி அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பார்வையாளர் நாளில் லிஃப்ட்காரர் ஜெயிலுக்குப் போனார். நடுவில் தடித்த கண்ணாடி, இரண்டு பக்கமும் போன். தம்பி இளைத்திருந்தான். ஆனால் அண்ணனைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“அண்ணா, பேரவைக்கு நம்ம வக்கீல் வந்தாரா?”

“வந்தார்டா.”

“பேசினாரா?”

“மூணு மணி நேரம் பேசினார்.”

“மூணு மணி நேரமா!” தம்பியின் கண் விரிந்தது. “படிச்சுட்டு வந்தாரா?”

“ஒரு எழுத்து விடாம.”

“பார்த்தியா? நீதான் அவரைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருந்தே. மனசு வெச்சா செய்வார்னு நான் சொல்லலை?”

லிஃப்ட்காரர் முன்விடுதலைக் குழுவின் காகிதத்தைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். அப்புறம் பேரவையின் முடிவை, ஒவ்வொரு பக்கமாக. தம்பி போனைக் காதில் வைத்தபடியே படித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பற்றிய பக்கம், எக்ஸ்ரேயைப் பற்றிய பக்கம், பல்லைப் பற்றிய பக்கம். முதலில் உதடு துடித்தது. போகப் போக அதுவும் நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் இருபத்தோரு மாசம்டா,” என்றார் லிஃப்ட்காரர். “நான்தான் அவசரப்பட்டுட்டேன். என்னை மன்னிச்சுடுடா.”

தம்பி அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. முதல் பக்கத்தைத் திரும்பக் காட்டச் சொல்லிச் சைகை செய்தான். அதை மறுபடி படித்துவிட்டு அண்ணனை ஏறிட்டுப் பார்த்தான்.

“அண்ணா,” என்றான் மெதுவாக, “நான் அன்னைக்கு நிஜமாவே பல் பிடுங்கத்தானே போனேன்?”

“போனேடா,” என்றார் லிஃப்ட்காரர். “போனே, போனே.” நேரம் முடிந்து போனை நிறுத்திவிட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் காதில் போனை வைத்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.